லோடு ஏறினால் மட்டும் போகும் ஃபியூஸ்

ஃபியூஸ் போன வண்டியைக் கொண்டுவருகிறவர்கள் எல்லோரும் ஒரே வசனத்தைத்தான் சொல்வார்கள்: "எங்கயோ ஷார்ட் ஆகுதுண்ணே, பாத்துக் குடுங்க." எங்கே என்று கண்டுபிடிப்பது என் வேலை, அதில் தகராறு இல்லை. ஆனால் எப்போது போகிறது என்பது ஓட்டுகிறவருக்கு மட்டுமே தெரிந்த சங்கதி. அதைச் சொல்லாமல் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு டீக்கடைப் பக்கம் நகர்ந்துவிடுவார்கள். நான் விடுவதில்லை. டீயைப் பட்டறைக்கே வரவழைத்து, பெஞ்சில் உட்காரவைத்துக் கேள்வி கேட்பேன். வண்டிக்கு அடியில் படுப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

கம்பத்தில் கூடலூர் போகிற பக்கம் என் பட்டறை. திண்டுக்கல்லில் தொடங்கித் தேனி, கம்பம், குமுளி வழியாகக் கோட்டயம், கொல்லம் என்று ஓடுகிற 183-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலைதான் எங்கள் பள்ளத்தாக்குக்குச் சோறு போடுகிறது. வாழைத்தார், காய்கறி, திராட்சை, வைக்கோல் எல்லாம் சாயங்காலம் ஏற்றி, இரவோடு இரவாக மலையேறி, விடிவதற்குள் கேரளத்துச் சந்தையில் இறங்கியாக வேண்டும். பகலில் ஓடும் வண்டிக்கு விளக்குக் கோளாறு ஒரு பொருட்டில்லை. எங்கள் ஊர் வண்டிகளோ பிழைப்பையே இருட்டில் நடத்துபவை. லோயர்கேம்ப்பைத் தாண்டியதும் ஏற்றம். மழைக்காலத்தில் குமுளிப் பக்கம் மூடுபனி. முழு லோடோடு ஊர்ந்து ஏறும் லாரியின் பின்னால் டேஞ்சர் லைட் எரியவில்லை என்றால், பின்னால் வரும் பஸ் டிரைவருக்கு அங்கே ஒரு வண்டி இருப்பதே தெரியாது. பின்பக்கச் சிவப்பு விளக்கு 155 மீட்டர் தூரத்திலிருந்து தெரிய வேண்டும் என்கிறது 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதி. எஃப்.சி. காட்டும் அன்றைக்கு எல்லா வண்டியிலும் அது தெரியத்தான் செய்கிறது.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஹெட்லைட்டுக்குத் தனி ஃபியூஸ், பார்க் லைட் வரிசைக்குத் தனி ஃபியூஸ். பார்க் லைட் வரிசை என்றால் முன்பக்கச் சின்ன விளக்கு, பின்பக்க டேஞ்சர் லைட், நம்பர் பிளேட் விளக்கு, பாடியின் இருபக்கமும் இருக்கும் சைடு லைட் எல்லாம் சேர்ந்தது. அந்த ஃபியூஸ் போனாலும் டிரைவருக்கு முன்னால் சாலை பளிச்சென்றுதான் தெரியும். ஆபத்து முழுவதும் அவர் முதுகுக்குப் பின்னால். மீட்டர் போர்டு இருண்டதைக் கவனிக்கிறவர் உடனே தெரிந்துகொள்வார். கவனிக்காதவருக்கு யாராவது முந்திப் போய்ச் சொன்னால்தான் உண்டு.

ஃபியூஸ் என்ன செய்கிறது என்பதில் பலருக்கும் தவறான எண்ணம். பல்பைக் காப்பாற்ற வைத்தது என்று நினைக்கிறார்கள். அது காப்பாற்றுவது வயரை. இப்போது வரும் பிளேடு ஃபியூஸ் 1976 வாக்கில் அமெரிக்காவில் வந்தது; அதன் பிளாஸ்டிக் உடம்புக்குள் ஒடுங்கிய துத்தநாகப் பட்டை ஒன்று இருக்கும். துத்தநாகம் 420 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். வயருக்குள் இருக்கும் செம்பு உருக 1085 டிகிரி வேண்டும். வயர் சூடேறி அதன் மேல்தோல் இளகுவதற்கு முன்பே அந்தப் பட்டை உருகி அறுந்துவிட வேண்டும் என்பதுதான் கணக்கு. வயரின் தடிமனைப் பார்த்துத்தான் ஃபியூஸின் ஆம்பியரைக் கம்பெனி முடிவு செய்கிறது. நிறம் உலகம் முழுக்க ஒன்றே: சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30.

இனி அந்த வாழை லாரிக்கு வருகிறேன். கூடலூர்ப் பக்கத்து ஆறு சக்கர வண்டி. வாழைத்தார் ஏற்றிக் கோட்டயம் போய், வெறும் வண்டியாகத் திரும்பும். பார்க் லைட் ஃபியூஸ் அடிக்கடி போகிறது. இரண்டு இடத்தில் காட்டியிருக்கிறார்கள். "இங்க ஒண்ணும் இல்லியே, நல்லாத்தானே எரியுது" என்று ஒருவர் அனுப்பிவிட்டார். இன்னொருவர் முழு வயரிங்கையும் மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட, முதலாளி மிரண்டுபோனார். டிரைவர் தன் போக்கில் ஒரு வைத்தியம் செய்திருந்தார். சிவப்பு போனதும் நீலம், நீலம் போனதும் மஞ்சள். நான் பெட்டியைத் திறந்தபோது உள்ளே பச்சை இருந்தது. அந்த வரிசை வயர் ஃபியூஸ் பெட்டிக்குப் பின்னால் நிறம் மாறி, தொட்டால் குச்சி மாதிரி விறைத்துக் கிடந்தது.

"எப்பப்பா போகுது?"

"ராத்திரிலதாண்ணே."

"ராத்திரிலதான் நீ லைட்டே போடுற. அது பதிலா? எந்த இடத்துல?"

"லோயர்கேம்ப் தாண்டி ஏத்தத்துல. குமுளில நிக்கிறப்ப பின்னாடி வர்றவன் சொல்லுவான், லைட் இல்லன்னு."

"நேர் ஏத்தத்துலயா, வளைவுலயா?"

அவருக்குத் தெரியவில்லை. கிளீனர் பையன் வாசலில் நின்றுகொண்டு போனைப் பார்த்தபடியே சொன்னான்: "வளைவுலதாண்ணே. கண்ணாடில பாப்பேன். வளைச்சு முடிக்கிறப்ப சைடு லைட்டு அங்கிட்டும் இங்கிட்டும் ஒண்ணா அணைஞ்சுபோகும்."

"திரும்பி வர்றப்ப?"

"வர்றப்ப போனதே இல்லண்ணே. எம்ட்டிதான."

வண்டிக்கு அடியில் நான் செய்ய வேண்டிய வேலையில் பாதியை அந்தப் பையன் செய்துவிட்டான். மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் போகிறது என்றால் தண்ணீர் காரணமில்லை. பிரேக்கோடு சம்பந்தமில்லை என்பதும் விசாரித்ததில் தெரிந்தது. லோடு இருக்கும்போது, வளைவில். அதாவது ஸ்பிரிங் பட்டை அமுங்கி, சேஸிஸ் முறுக்கிக்கொள்ளும்போது. லாரியின் சேஸிஸ் பார்க்க இரும்புத் தண்டவாளம் போலத் தெரிந்தாலும் உண்மையில் அது நன்றாக முறுக்கிக்கொள்ளும். முறுக்கிக்கொள்ள வேண்டும் என்றே அப்படிச் செய்கிறார்கள். கொண்டை ஊசி வளைவில் உள்பக்கச் சக்கரம் ஒரு உயரத்திலும் வெளிப்பக்கச் சக்கரம் வேறு உயரத்திலும் ஏறும்போது, அதன்மேல் கட்டிய வயர், பிரேக் குழாய் எல்லாமே இழுபடும், உரசும். வெறும் வண்டியைப் பகல் வெளிச்சத்தில் சமதளத்தில் நிறுத்திப் பார்த்த இருவருக்கும் எதுவும் சிக்காததில் வியப்பில்லை.

"அப்ப லோடு ஏத்திட்டு வா" என்றேன். டிரைவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். கோளாறு பார்க்க வண்டியைக் காலியாகக் கொண்டுவரச் சொல்வதுதான் பட்டறை வழக்கம்.

அதற்கு முன் வேறொரு கணக்கையும் போட்டுவிட்டேன். லாரியில் 12 வோல்ட் பேட்டரி இரண்டு தொடராகச் சேர்ந்து 24 வோல்ட். சின்ன விளக்கு ஒவ்வொன்றும் 5 வாட். 5-ஐ 24-ஆல் வகுத்தால் ஒரு பல்பு இழுப்பது 0.2 ஆம்பியர். இந்த வண்டியில் இருந்தது பத்துப் பன்னிரண்டு பல்பு. மொத்தம் இரண்டரை ஆம்பியரைத் தாண்டாது. 10 ஆம்பியர் சிவப்பு ஃபியூஸுக்கு இது விளையாட்டு. எனவே மின்பாரம் கூடிப்போனதால் ஃபியூஸ் போகவில்லை. வயர் எங்கேயோ இரும்பில் நேராக முட்டுகிறது. எங்கள் பேச்சில் 'பாடி எர்த் அடிக்குது'. வண்டியில் நெகட்டிவ் கம்பி என்று பெரும்பாலும் தனியாக ஓடாது. சேஸிஸ் இரும்பே திரும்பும் வழி. பாசிட்டிவ் வயரின் தோல் உரிந்து செம்பு இரும்பைத் தொட்டால் நடுவில் பல்பு என்ற தடையே இல்லாமல் மின்சாரம் பாயும்.

போன ஃபியூஸ்களை டிரைவர் தூக்கி எறியாமல் டேஷ்போர்டு குழியில் போட்டு வைத்திருந்தார். நல்ல பழக்கம். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். உள்ளே கண்ணாடி போன்ற பகுதி முழுக்கக் கரிப்பிடித்து, உலோகம் சிதறிய புள்ளிகள். நேர் ஷார்ட்டின் அடையாளம் அது. பாரம் கொஞ்சம் கூடிப்போய் மெதுவாக உருகிய ஃபியூஸில் கரி இருக்காது. பட்டை நடுவில் தொய்ந்து, சுத்தமாக ஒரு இடைவெளி விழுந்திருக்கும். 10 ஆம்பியர் ஃபியூஸில் 20 ஆம்பியர் பாய்ந்தால் ஐந்து விநாடிக்குள் போய்விடும். பதின்மூன்றரை ஆம்பியர்தான் என்றால் பத்து நிமிடம் வரைகூட இழுத்துக்கொண்டு கிடக்கும். போன ஃபியூஸ் தன் கதையை இப்படி முகத்திலேயே எழுதி வைத்திருக்கிறது. அதைப் படிக்காமல் குப்பையில் போடுகிறவர்கள்தான் அதிகம்.

மறுநாள் சாயங்காலம் தார் ஏற்றிய வண்டி வந்து நின்றது. ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை அணைத்தேன். ஒரு பக்கப் பின்சக்கரத்தை மட்டும் தடித்த மரக்கட்டைமேல் ஏற்றி நிறுத்தச் சொன்னேன். வளைவில் சேஸிஸ் முறுக்கிக்கொள்வதைப் பட்டறை வாசலிலேயே கொண்டுவரும் வழி இது. பார்க் லைட் வரிசையில் இருந்த பல்பு அத்தனையையும் கழற்றியாயிற்று, மீட்டர் போர்டு பல்பு உட்பட. ஃபியூஸ் இருந்த இடத்தில் ஃபியூஸுக்குப் பதில் 24 வோல்ட் 21 வாட் பல்பு ஒன்றை இரண்டு வயரோடு சொருகினேன்.

இந்த ஒற்றை பல்புதான் என் தொழிலில் நான் மிகவும் நம்பும் கருவி. வரிசையில் ஷார்ட் இல்லை என்றால் அது எரியாது, ஏனென்றால் மற்ற பல்புகளைக் கழற்றிவிட்டதால் மின்சாரம் போக வழியில்லை. ஷார்ட் இருந்தால் முழுப் பிரகாசமாக எரியும். அப்போதும் வரிசையில் ஓடுவது 0.9 ஆம்பியர்தான், வயருக்கு ஒரு கெடுதியும் இல்லை. புது ஃபியூஸாகப் போட்டுப் போட்டு எரித்துப் பார்க்கிறவர்களுக்கு ஷார்ட் இருப்பது தெரியுமே தவிர, இருக்கும் இடம் தெரியாது. பல்பு எரிந்துகொண்டே இருக்கும்போது ஒவ்வொரு இடமாக வயரை அசைத்துக்கொண்டே போகலாம். எந்த இடத்தை அசைக்கும்போது அணைகிறதோ அங்கேதான் சங்கதி.

லைட் சுவிட்சைப் போட்டதும் பல்பு மினுக்கென்று எரிந்து அணைந்தது. கிளீனர் பையனைப் பாடிமேல் ஏறி நின்று குலுக்கச் சொன்னேன். மறுபடி எரிந்தது, இந்த முறை அணையவில்லை. கேபினிலிருந்து பின்பக்கம் போகும் வயரிங் கட்டு சேஸிஸோடு சேரும் சாக்கெட்டைக் கழற்றினேன், பல்பு அணைந்தது. கேபினுக்குள் குற்றமில்லை, பின்னால்தான். சாக்கெட்டை மாட்டினேன், எரிந்தது. வண்டியின் நீளம் பாதியாகக் குறைந்துவிட்டது. இப்படிப் பாதி, அதில் பாதி என்று போனால் எவ்வளவு நீள வண்டியானாலும் சீக்கிரம் அடங்கிவிடும்.

பின் ஆக்ஸிலுக்கு நேர் மேலே வயரிங் கட்டைப் பிடித்து வைக்கும் கிளிப் உடைந்து, கட்டு தொங்கிக் கிடந்தது. வெறும் வண்டியில் அதற்கும் கீழே இருக்கும் யூ-போல்ட்டுக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி. லோடு ஏறிப் பட்டை அமுங்கியதும் இடைவெளி போய்விட்டது. சக்கரம் ஒரு பக்கம் தூக்கியதும் போல்ட்டின் மரை நேராக வயரில் ஏறியது. சேறும் கிரீஸும் படிந்த கட்டைத் துடைத்துப் பார்த்தால் ஒரே ஒரு வயரின் தோல் மட்டும் அறுந்து, அரிசி அளவுக்குச் செம்பு பளபளத்தது. போல்ட் முனையில் கரிப்புள்ளி. விரலால் கட்டைத் தூக்கிப் பிடித்தேன், மேலே ஃபியூஸ் பெட்டியில் பல்பு அணைந்துவிட்டது என்று டிரைவர் கத்தினார்.

பச்சை ஃபியூஸ் போட்ட பிறகு அந்த வயரில் எவ்வளவு மின்சாரம் பாய்ந்திருக்கும் என்று அவரிடம் சொன்னேன். 10 ஆம்பியருக்கு இழுத்த வயர் 30 ஆம்பியரைச் சுமந்தால் அடுத்து உருகுவது வயர்தான். அது தனியாக ஓடவில்லை, பிரேக் லைட், இன்டிகேட்டர் வயரோடு ஒரே கட்டில் ஓடுகிறது. ஓரிடத்தில் டீசல் டேங்கை ஒட்டியும் போகிறது. சிகரெட் அட்டைப் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுருட்டி ஃபியூஸ் இடத்தில் வைக்கிற மகாராசர்களும் உண்டு. பின்பக்கம் காய்ந்த வைக்கோல் லோடு இருக்கும்போதும் வைக்கிறார்கள் என்பதுதான் என்னால் தாங்க முடியாதது.

அறுந்த இடத்தில் டேப் சுற்றி அனுப்பிவிடலாம். பலர் அப்படித்தான் செய்கிறார்கள். எங்கள் ஊர் வெயிலில் இன்சுலேஷன் டேப்பின் பசை இளகி, சர்வீஸ் தண்ணீரில் ஊறி, கொஞ்ச நாளில் தானே பிரிந்து தொங்கும். பழுதான துண்டை வெட்டியெடுத்து, அதே தடிமனில் புது வயர் வைத்து ஈயப்பற்று போட்டு, சூடுகாட்டினால் சுருங்கிப் பிடிக்கும் ஸ்லீவ் ஏற்றினேன். கட்டை ஆக்ஸிலிலிருந்து ஒதுக்கி, சேஸிஸின் உள்பக்கமாகக் கொண்டுபோய், ஒரு சாணுக்கு ஒரு கிளிப் மாட்டினேன். நம்பர் பிளேட் விளக்குக்காகப் பாடி கட்டும்போது துளை போட்டு வயரை இழுத்திருந்தார்கள். துளையில் ரப்பர் வளையம் இல்லை. அந்த வயர் இன்னும் அறுபடவில்லை, ஆனால் பாதித் தோல் போயிருந்தது. அதற்கும் வளையம் போட்டேன். ஃபியூஸ் பெட்டிக்குப் பின்னால் விறைத்துப்போன வயரையும் மாற்றிவிட்டுச் சிவப்பு ஃபியூஸைச் சொருகினேன். தார் அன்று இரவே குமுளி ஏறியது.

வாழை, காய்கறி வண்டிகளுக்கு இன்னொரு நோயும் உண்டு, இதற்கு நேரெதிர் குணம். காய்கறி வாடாமல் இருக்கத் தெளிக்கும் தண்ணீர் பாடி இடுக்கு வழியே ஒழுகி டேஞ்சர் லைட் ஹோல்டருக்குள் இறங்கும். ஹோல்டரில் பச்சைக் களிம்பு ஏறும். அங்கே ஃபியூஸ் போவதைவிட விளக்கு மங்குவதும் விட்டுவிட்டு எரிவதும்தான் அதிகம். அதற்கு ஃபியூஸ் பெட்டியைக் குடைந்து பயனில்லை.

கேள்வி கேட்பதன் அருமை தெரிய இன்னொரு வண்டியைச் சொல்ல வேண்டும். போடி, கம்பம் பகுதியிலிருந்து விடியற்காலை ஏலத்தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு இடுக்கி மலைக்குப் போகும் ஜீப்புகளைப் பார்த்திருப்பீர்கள். அப்படி போடிமெட்டு வழியாகப் போய்வரும் ஒரு ஜீப். பதினேழு கொண்டை ஊசி வளைவு உள்ள பாதை. பிரேக் லைட் ஃபியூஸ் போகிறது, அதுவும் சாயங்காலம் இறங்கும்போது மட்டும். இருட்டின பிறகு இறங்கினால் போவதில்லை. விளக்குக் கோளாறு பகலில் மட்டும் வருகிறது என்றால் யாருக்கும் குழப்பமாகத்தான் இருக்கும்.

போன ஃபியூஸைக் கேட்டு வாங்கினேன். கரி இல்லை, நடுவில் தொய்ந்த பட்டை. பாரம் கூடியிருக்கிறது. பகலில் நிறுத்தி, லைட் சுவிட்ச் எதையும் போடாமல் பிரேக்கை மிதிக்கச் சொன்னேன். மீட்டர் போர்டு எரிந்தது. முன்பக்கச் சின்ன விளக்கும் எரிந்தது. கூரையில் சுற்றியிருந்த சீரியல் விளக்கும் சேர்ந்து எரிந்தது.

பின்பக்க பல்பில் இரண்டு இழை உண்டு: 5 வாட் இழை டேஞ்சர் லைட்டுக்கு, 21 வாட் இழை பிரேக்குக்கு. அடியில் இரண்டு ஈயப் புள்ளி. மாற்றி மாட்டிவிடக் கூடாது என்று அதன் பக்கவாட்டு ஊசிகளை ஒன்றை மேலும் ஒன்றைக் கீழுமாக வைத்திருப்பார்கள். வழியில் பல்பு போனபோது யாரோ ஒற்றை இழை பல்பை அமுக்கித் திருகி மாட்டியிருக்கிறார்கள். அதன் அடியில் நடுவில் இருக்கும் ஒரே பெரிய ஈயப் பொட்டு, ஹோல்டரின் இரண்டு முனைகளையும் சேர்த்து இணைத்துவிட்டது. பிரேக்கை மிதித்தால் பார்க் லைட் வரிசை முழுவதற்கும் பிரேக் ஃபியூஸ் வழியாகவே மின்சாரம். கூரை விளக்கு, பாட்டுப் பெட்டி ஆம்ப்ளிஃபயர் எல்லாவற்றையும் பார்க் லைட் வயரிலேயே தட்டி எடுத்திருந்தார்கள். ஜீப்பில் 12 வோல்ட்தான், அதே வாட்டுக்கு லாரியைப் போல இரண்டு மடங்கு ஆம்பியர் ஓடும். இரவில் பார்க் லைட் ஃபியூஸும் பிரேக் ஃபியூஸும் பாரத்தைப் பங்கிட்டுக்கொண்டதால் இரண்டும் பிழைத்தன. பகலில் பிரேக் ஃபியூஸ் தனியாக மாட்டிக்கொண்டது. மலை இறங்கும்போது காலை பிரேக்கிலேயே வைத்திருக்கும் டிரைவர் அதற்குப் போதுமான நேரமும் கொடுத்தார். எந்த கியரில் ஏறினாயோ அந்த கியரில் இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொல்வார்கள். அதைக் கேட்டிருந்தால் ஃபியூஸ் என்ன, பிரேக் லைனிங்கும் மிஞ்சியிருக்கும்.

சரியான பல்பை மாட்டியதோடு வேலை முடிந்திருக்கும். ஆனால் கூரை விளக்கையும் ஆம்ப்ளிஃபயரையும் அந்த வயரிலேயே விட எனக்கு மனமில்லை. கூடுதலாக எதைச் சேர்த்தாலும் பேட்டரியிலிருந்து தனி வயர், பேட்டரிக்குப் பக்கத்திலேயே அதற்கென்று ஒரு ஃபியூஸ், நடுவில் ஒரு ரிலே. பழைய சுவிட்சுக்கு ரிலேவைத் தூண்டும் வேலை மட்டும் இருந்தால் போதும். சாமி படத்துக்கு விளக்கு வைக்க வேண்டாம் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. அவரை டேஞ்சர் லைட் வயரில் உட்கார வைக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு பி.எஸ்.6 வண்டிகள் வந்ததிலிருந்து இந்த வேலை கொஞ்சம் மாறிவிட்டது. புது வண்டிகள் பலவற்றில் விளக்குகளை ஒரு கம்ப்யூட்டர் பெட்டி கவனிக்கிறது. ஷார்ட் ஆனால் ஃபியூஸ் உருகும்வரை காத்திராமல் அதுவே வரிசையை அணைத்து, கோளாறு எண்ணைப் பதிந்து வைக்கிறது. அந்த வயர்களில் என் 21 வாட் பல்பைச் சொருகக் கூடாது, பெட்டியே போய்விடும். மீட்டரும் ஸ்கேனரும்தான். ஸ்கேனரைச் சொருகினால் பின்பக்கம் இடது விளக்கு வரிசை, எர்த் ஷார்ட் என்று திரையில் காட்டும். லோடு இருந்ததா, வளைவா, கழுவிய மறுநாளா என்பதை அது காட்டுவதில்லை. அதனால் இப்போதும் முதலில் கிளீனருக்குத்தான் டீ சொல்கிறேன்.